ஊர்த் தண்ணி

“நீ டாக்டரு ரூமுக்குள்ள வராத. உன் கழுத்த பாத்தா என் அப்பீலு பூடும்.”

ஆவடியில் ரயில் ஏறி எதிரே உட்கார்ந்தவர் மனைவியிடம் சொன்னார். பர்மா யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய். கழுத்தில் கழலை வீங்கி, காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் திறந்தே கிடந்தது.

“இன்னாத்துக்குப் பூடும்?”

“போன தபா டாக்டரு இன்னா சொன்னான்? பட்டாளத்துல வந்தது இல்ல, உங்க ஊரு தண்ணியால வந்தது, பென்ஷன் கெடையாதுன்னான். உன்னியும் பாத்தா அதையேதான் சொல்லுவான்.”

அந்த வெயிலிலும் அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“எனக்கும் மூச்சு அடைக்குதுய்யா.”

“கம்முனு இரு. பென்ஷன் வரட்டும், ரெண்டு பேரும் வைத்தியம் பாத்துக்கலாம்.”

அம்பத்தூர் தாண்டியதும் அவள் மெல்லக் கேட்டாள்.

“அப்பீலு ஜெயிச்சாலும், ஊட்டுக்குப் போயி அந்தத் தண்ணியத்தானே குடிக்கணும்?”