படுகளத்து மண்

எங்கள் ஊர் துரியோதனனுக்கு வருஷா வருஷம் மீசை வைப்பது நான்தான். களிமண்ணில் மூக்கு, வாய் எல்லாம் குயவர் வீட்டு ஆட்கள் பிடித்துவிடுவார்கள். மீசையை மட்டும் அப்பாதுரை வந்து வைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். பனை நாரைக் கரியில் தோய்த்து, பக்கத்துக்கு இரண்டு முழம் வருகிற மாதிரி முறுக்கி வைப்பேன். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்து அழும். அழட்டும் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, என்னைப் பொல்லாதவன் என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்க வேண்டாம். இருபத்தாறு வருஷம் தலையாரி வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் லீவு கேட்டதில்லை. ரைட்டர் ஐயா வாங்கிக் கொடுத்த டீயும் நன்றாக இருந்தது. அவர் கை வலிக்காத மாதிரி நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் கிராம முன்சீப் சக்கரபாணியைக் கொன்றது நான்தான். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஊருக்குள் வருகிற ரோடு அகலமானதில், பாரதத் திருவிழாவுக்கு மண் துரியோதனனைப் படுக்க வைக்கிற எங்கள் படுகளம் பாதி போய்விட்டது. திருவிழாவை ஏரிக்கரைப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். மீதி இடத்தில் தண்ணீர் டேங்க் கட்டப் போன வாரம் தோண்டினார்கள், எலும்பு வந்தது. மோதிரத்தைப் பார்த்து முன்சீப் என்று சொன்னார்கள். நான் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து, நேராக உங்கள் ஸ்டேஷன் படியேறிச் சொல்லிவிட்டேன். இனி உங்களுக்கு வேண்டியது ஏன் என்பதுதான்.

நீங்கள் வெளியூர். சக்கரபாணி என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தாத்தா முன்சீப், அப்பா முன்சீப், அப்புறம் இவர். கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே நாலு மைல் எங்கள் ஊர். டெல்லியில் யார், மெட்ராஸில் யார் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாத பேச்சு. பிறந்தவனை எழுதுவது அவர், செத்தவனை எழுதுவது அவர், நிலம் யாருடையது என்று கை காட்டுவதும் அவர். அவர் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பயிர் மேய்ந்த மாட்டை அடைக்க ஊரில் ஒரு பட்டி உண்டு. நாலு கல்சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே கூரை கிடையாது. அதில் அவர் ஆட்களையும் அடைப்பார். சித்திரை வெயிலில் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தவன் அப்புறம் வாய் திறக்க மாட்டான். பட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும். அவர் சொல்வார், நான் பூட்டுவேன். தலையாரி என்றால் அதுதானே வேலை.

எழுபத்தாறில் வேடியப்பன் என்று ஒருத்தன், ஏரிக்கரைப் புளியமரங்களை முன்சீப் வெட்டி விற்கிறார் என்று ஜமாபந்தியில் கலெக்டர் கையிலேயே மனு கொடுத்தான். மூன்றாம் நாளிலிருந்து ஆளைக் காணோம். பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்றார் முன்சீப். ஊர் நம்பின மாதிரி இருந்தது. அவன் பெண்சாதி தங்கம்மாள் நம்பவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் அவள் வருஷக் கணக்காக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள், என் புருஷன் எங்கே என்று. என்னிடமும் கேட்பாள். "அண்ணா, நீ அந்த ஆளு கூடவே கீறவன், உனுக்கு ஒண்ணும் தெரியாதா?" என்பாள். தெரிந்தால் சொல்ல மாட்டேனா தங்கம்மா என்பேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எண்பதாம் வருஷக் கடைசியில் சர்க்கார் ஒரே உத்தரவில் பரம்பரை முன்சீப் வேலையையே எடுத்துவிட்டது. ரிஜிஸ்தர்களை மூட்டை கட்டித் தாலுகா ஆபீசில் ஒப்படைத்தோம். மூட்டையைத் தூக்கியது நான். என் வேலை மட்டும் போகவில்லை. மறுநாள் காலையில் எங்கள் தெரு இருசப்பன், மணியை அடித்துக்கொண்டே அவர் வாசல் வழியாகச் சைக்கிளில் நாலு தடவை போய் வந்தான். முன்சீப் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஊரில் தைரியம் வந்தது. எல்லாரும் கைநாட்டு வைத்து அவர் மேல் மனு போட்டார்கள். ஆர்.டி.ஓ. விசாரிப்பதாகத் தேதி வந்தது. பாரதம் முடிந்து வரும் திங்கட்கிழமை. அதற்குள் திரௌபதி அம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. அந்தக் கூட்டத்தைப் பற்றி ரைட்டர் ஐயா கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் என் பக்கத்து நியாயம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இருசப்பன் எழுந்து, "வேல போச்சுன்னா எல்லாம் தீந்துச்சா? மாட்டோட மாடா நம்மள அடைச்சான். வருஷா வருஷம் மண்ணுல செஞ்ச துரியோதனன அடிச்சிகினு கீறோம். உயிரோட ஒருத்தன் கீறானே, அவன ஒரு தபா அடிச்சா இன்னா?" என்றான். ஊரே ஆமாம் ஆமாம் என்றது. அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊரில் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

தங்கம்மாள் நடுவில் வந்து நின்றாள். "உங்களுக்கு அவன் சாவணும். எனக்கு அவன் வாயத் தொறக்கணும். அவன் செத்துட்டா எனக்கு யாருங்க பதில் சொல்றது? திங்கக்கிழம வரைக்கும் அவன் மேல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. வெச்சா அவங்க தலமுறைக்கும் என் வவுத்தெரிச்சல் உடாது" என்றாள்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தொடக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. முடிவு அதுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐயா, முதலில் எழுந்த சத்தம்தான் ஊரின் மனசு. ஆர்.டி.ஓ. என்ன செய்வார்? நாலு கேள்வி கேட்பார். கேஸ் வேலூருக்குப் போகும், வக்கீல் வருவார், வாய்தா வாய்தாவாகப் பத்து வருஷம் ஓடும். முன்சீப் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஹார்லிக்ஸ் குடித்துவிட்டுத் தூக்கத்தில் சாவார். ஊரை அந்தப் பாடு படுத்தினவனுக்கு அந்தச் சாவா? இதை யாராவது ஒருத்தன் யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன்.

பாரதம் நடக்கிற நாட்களில் எங்கள் ஊர் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும். உச்சிவேளையில் நாய்கூட நடமாடாது. படுகளத்துக்கு முதல் நாள். மண்ணைக் கொட்டி, நாற்பதடி நீளத்துக்கு ஆள் படுத்த மாதிரி நான் ஒதுக்கி வைத்திருந்தேன். தொடைப் பக்கம் மட்டும் பள்ளமாக விட்டிருந்தது. ரத்தப் பானை வைக்கிற இடம் அது. குங்குமம் கரைத்த பானையை மண்ணுக்குள் புதைப்போம், மறுநாள் பீமன் கதையால் அடித்து உடைப்பான்.

அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு முன்சீப் வந்தார். வேட்டி அழுக்காக இருந்தது. துரியோதனனுக்குக் கண் திறக்கும்போது முதல் தேங்காயை அவர்தான் உடைப்பது வழக்கம். அந்த வருஷம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அதைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தேங்காயைப் பற்றி அவர் பேசவே இல்லை. வேறு என்னவோ பேசினார், அதை அப்புறம் சொல்கிறேன். பேசிவிட்டுத் திரும்பினார். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓர் அடி போட்டேன். இரண்டாவது அடிக்கு வேலை இருக்கவில்லை.

பள்ளத்தை ஆள் ஆழத்துக்கு இறக்கினேன். வருஷா வருஷம் கிளறுகிற மண், சிரமமே இல்லை. குடையையும் கூடவே வைத்தேன். மண்ணைத் தள்ளும்போது மூச்சு இருந்ததா என்று நேற்றே கேட்டீர்கள். விரல் அசைந்த மாதிரி இருந்தது. வெயிலில் கண் கூசும், நிச்சயமாகச் சொல்ல முடியாது. மூடி, தண்ணீர் தெளித்து மிதித்து, மேலே பானைக்கு வேண்டிய பள்ளத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கூழ் குடித்தேன்.

மறுநாள் காலை மாதிரி ஒரு படுகளத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. பீமன் மண்மேல் ஏறி ஓடினான், தொடையில் ஓங்கி அடித்தான், பானை உடைந்தது. திரௌபதி வேஷக்காரர் அந்தச் சிவப்பை அள்ளித் தலையில் தடவி முடிந்துகொண்டார். பெண்கள் துடைப்பமும் முறமுமாக வந்து அடித்தார்கள். தங்கம்மாளும் அடித்தாள், கை ஓய்கிற வரைக்கும் அடித்தாள். அவள் அடித்தது தொடைப் பக்கம். நான் மீசையருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கச் சேர்ந்து அவனைத் தண்டித்தது, ஐயா, அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கடைசியில் குதிரில் போட்டால் விளைச்சல் பெருகும் என்று ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போனார்கள். தங்கம்மாளும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

விசாரணைக்குப் பயந்து முன்சீப் பெங்களூருக்கு ஓடிவிட்டார் என்று நான்தான் முதலில் சொன்னேன். இருசப்பன் சரவெடி வாங்கி வந்து கொளுத்தினான். தங்கம்மாள் மட்டும், "ஓடிட்டானே, ஒரு வார்த்த சொல்லாம ஓடிட்டானே" என்று வாயில் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்படியும் திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ச் சாயங்காலம் வரைக்கும் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம்.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. நான்தான் கொன்றேன் என்று தெரிந்ததும் இருசப்பன் ஒரு டிராக்டர் நிறைய ஆளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்து என் கழுத்தில் மாலை போட்டான். நீங்களே பார்த்தீர்கள். "ஊருக்கே நியாயம் வாங்கிக் குடுத்தண்ணா" என்று காலில் விழுந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை.

நீங்கள் அதற்கெல்லாம் அசையவில்லை. போட்டோவை நீட்டி, முன்சீப்புக்கு இரண்டடி கீழே கிடப்பது யார் என்று கேட்கிறீர்கள். காலையிலிருந்து இதோடு ஐந்தாவது தடவை.

வேடியப்பன்.

சரி, முன்சீப் குடையோடு வந்து பேசினதையும் சொல்லிவிடுகிறேன். "அப்பாதுர, தங்கம்மா நேத்து வாசல்ல வந்து நின்னா. ஒண்ணும் திட்டலடா, கேட்டா, அவ்ளோதான். என்னால முடியல. திங்கக்கிழம எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். எனக்கு இன்னா தண்டனன்னாலும் குடுக்கட்டும். நான் செஞ்சத நான் சொல்றேன், நீ செஞ்சத நீ சொல்லிடு" என்றார். ஊரை மாட்டுப் பட்டியில் அடைத்த மனுஷன், கடைசியில் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்.

வேடியப்பனை அங்கே புதைத்தது நான். ஆனால் பட்டியில் அவனுக்கு நடந்ததற்கு உத்தரவு போட்டது அவர். அதை முதலில் எழுதுங்கள். "தொட்டில ஒரு முக்கு முக்குடா, பயந்துடுவான்" என்றார். முக்கினேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடையில் பத்துப் பேர் எதிரில் வேடியப்பன் என்னை முன்சீப் வீட்டு நாய் என்று சொல்லியிருந்தான், எல்லாரும் சிரித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேலை என்றால் வேலை. அவன் கொஞ்ச நேரம் காலை உதைத்தான். முன்சீப் பட்டி வாசலில் நின்றுகொண்டு, "போதும், உடுறா" என்றார். மூன்று தடவை சொன்னார். கடைசித் தடவை ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

எனக்குக் காதில் விழவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.