துரை பங்களாவின் வெள்ளை டைல்

குளியலறைத் தரை அழகாக இருக்கிறது என்று துரை சொன்னீர்களே, அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். யுத்தம் முடிந்து திரும்பி வந்த மனிதர், பெட்டியைக்கூட இறக்காமல் முதலில் கால் வைத்தது அங்கேதான். யார் இந்த டைலைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன். எப்படித் தேர்ந்தெடுத்தாய் தங்கையா என்று அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. உங்கள் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

துரைக்கு நினைவிருக்கும். ஜப்பான்காரன் ஈப்போவை நெருங்கிவிட்டான் என்று சேதி வந்த காலையில், பழைய தரையை உடைத்துப் போட்டபடியே விட்டுவிட்டு மலையிறங்கித் தாப்பா ரோட்டில் காரை விரட்டினீர்கள். பல் விளக்கும் பிரஷைக்கூட மறந்து போனீர்கள். அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். பின்னால் வந்த ஜப்பான் துரை அதில் பூட்ஸ் துடைத்தார். நான் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஜப்பான் துரை வந்ததும் முதலில் தேடியது குளியலறையைத்தான். எந்த நாட்டுத் துரைக்கும் அதுதான் முதல் கவலை போலிருக்கிறது. தொட்டி இருந்தது, தரை இல்லை. அதனால் பங்களாவுக்குப் பின்னால், முட்டைக்கோஸ் பாத்திக்குப் பக்கத்தில், எண்ணெய் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அடியில் விறகு மூட்டி அதற்குள் உட்கார்ந்துகொண்டார். தலை மட்டும் வெளியே தெரியும். அந்தத் தலையிடமிருந்துதான் எனக்கு உத்தரவு வந்தது, சீக்கிரம் நல்ல தரை போடு என்று.

அவர்கள் குளிக்கிற விதம் வேறு. நீங்கள் தொட்டிக்குள்ளேயே சோப்புப் போட்டு அந்த அழுக்குக்குள்ளேயே படுத்திருப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் வெளியே தரையில் குட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து, தேய்த்து, மொண்டு ஊற்றிச் சுத்தமாகி, அதற்கப்புறம்தான் தொட்டியில் இறங்குவார்கள். அப்படிப்பட்டவருக்குத் தொட்டியைவிடத் தரைதான் முக்கியம். வழுக்கக் கூடாது, தண்ணீர் தேங்கக் கூடாது, உட்காரும் இடம் சில்லென்று இருக்கக் கூடாது. பதினெட்டு வயதிலிருந்து கொத்து வேலை பார்க்கிற எனக்கே அது புதுப் பாடம்.

உதவிக்கு இரண்டு பேர். மாதா கோயில் பக்கத்துக் கூலி லயத்து மைக்கல் ஒருவன். என் மனைவி சாரதாவின் தம்பி செல்லையா இன்னொருவன். நீங்கள் வரவழைத்துக் கொட்டகையில் போட்டிருந்த வெள்ளை டைலையே எடுத்துப் பதித்தோம். சிமெண்ட் கண்ணில் படாத காலம். சுண்ணாம்புச் சாந்துதான். அதில் ஒரு வசதி, ஒட்டினதைப் பிறகு உடையாமல் பிரித்துவிடலாம்.

வேலை முடிந்த அன்று சாந்தின் ஈரம்கூடக் காயவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வாசலில் வந்து நின்றார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், லோரி வரப்போகிறதாம், ஆண்களைப் பெயர் சொல்லி ஏற்றுகிறார்களாம். கீழே ரிங்லெட் பக்கம் ஏற்றியாகிவிட்டது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"பங்களா வேலைல இருக்கறவன மட்டும் தொட மாட்டாங்க. உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே லா" என்று கிராணி சிரித்தார்.

எனக்குப் பயம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? திரும்பி அந்த வெள்ளைத் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் அது கொஞ்சம் வழுக்கலாக இருப்பதுபோல் பட்டது.

தொழில் தெரிந்தவன் குறையைக் கண்டபின் சும்மா இருக்கலாமா? ஜப்பான் துரையிடம் போய், "லிச்சின் துவான்" என்றேன். மலாயில் வழுக்குகிறது துரை என்று அர்த்தம். அவர் வெறுங்காலோடு வந்து நின்று, கண்ணை மூடி, கால்விரலால் தரையைத் தடவிப் பார்த்தார். வழுக்கும் என்று ஒருவன் சொன்னபிறகு யாருக்கும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். கண்ணைத் திறந்து, "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அறையில் இல்லாதவன் மைக்கல். சாந்துச் சட்டியைக் கழுவப் போயிருந்தான். பெயர் சொல்ல அவன்தான் தோதாக இருந்தான். அந்தப் பெயர் லோரிப் பட்டியலில் ஏறியது.

அவன் மனைவி என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா துரை கேப்பாருல்ல?" என்றாள். கேட்பார் என்று எனக்கும் தெரிந்திருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளை டைலை நானே பிரித்தேன். ஒன்றுகூட உடையவில்லை. வந்த பெட்டியிலேயே, இடையில் வைக்கோல் வைத்து அடுக்கினேன். நல்ல பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அடுத்து சிவப்பு. ரிங்லெட்டுக்கு மேலே பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவிலிருந்து சுமந்து வந்தோம். சிவப்பு பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடமாட்டேன் என்றது. மைக்கலுக்குப் பதிலாக வந்தவன் கருப்பையா என்று ஒருவன். அவன் முகம் இப்போது சரியாக ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு பாட்டை எப்போதும் முணுமுணுத்துக்கொண்டே சாந்து குழைப்பான். அந்தத் தடவையும் யார் செய்தது என்று கேள்வி வந்தது. அடுத்த லோரியில் அவன் போனான்.

பிறகு பச்சை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜப்பார், கடையை நீட்டிக் கட்டுவதற்காக யுத்தத்துக்கு முன் வாங்கிய பச்சை டைலைக் கொல்லையில் போட்டுவைத்திருந்தார். நானும் செல்லையாவும் போனோம். மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்துவிட்டு என்னைக் கேலி செய்யத் தொடங்கினார்.

"என்னா லா தங்கையா, குளிக்கிற எடம் பாக்குறியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா? வெள்ளைன்னா வேணாங்கற, செவப்புன்னா மொகத்தச் சுளிக்கிற. பச்சைய மட்டும் கட்டிக்கிருவியா?"

நானும் சிரித்தேன். பச்சையும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

மலையேறித் திரும்பும்போது, தோளில் சாக்கு மூட்டையோடு செல்லையா கேட்டான். "மச்சான், அந்த வெள்ளைக்கு என்னா கொறச்சல்?"

"வழுக்குது."

"வழுக்கலையே மச்சான். நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி நான் சோப்புத் தண்ணி ஊத்தி நடந்து பாத்தேன். தண்ணி ஓடற வாட்டமும் சரியா இருந்துச்சு. மைக்கல் நல்லாத்தான் போட்டிருந்தான்." மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். "ஜப்பான் தொரகிட்ட நெசத்தச் சொல்லிருவோம். வெள்ளையவே திருப்பிப் போட்டுக் குடுத்துட்டா, மைக்கலையும் கருப்பையாவையும் திரும்பக் கூப்புட்டுக்குவாரு."

நல்ல பிள்ளை. எதையும் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று நம்புகிறவன். எனக்கு அவன்மேல் பிரியம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை, நானும்தான் கூடப் போகவேண்டியிருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நீ பேசாத. ஒனக்கு மலாய் தடுமாறும். பச்சையப் போட்டு முடிப்போம், அப்பறம் நானே சொல்றேன்" என்றேன். சரி மச்சான் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டான். இரண்டு மூட்டையையும் கடைசி ஏற்றத்தில் அவனே சுமந்தான்.

பச்சையைப் பதித்து முடித்த சாயங்காலம் பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஜப்பான் துரையின் தலை ஆவிக்குள் சிவந்து தெரிந்தது. செல்லையா தூரத்தில் வேலியோரம் நின்றான், பேச்சு காதில் விழாத தூரம். நான் மலாயில் பொறுமையாகச் சொன்னேன். பச்சை டைல் நல்ல டைல்தான் துவான், ஆனால் இடுக்கெல்லாம் கோணல், சோப்பு அழுக்கு போய் அடைத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் எடுத்துப் போட வேண்டும் என்றேன். யார் செய்தது என்று கேட்டார். நான் வேலியோரம் கை காட்டினேன். செல்லையா, தனக்காகத்தான் மச்சான் பேசுகிறார் என்று நினைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான்.

தம்பி லோரி ஏறிய அன்று சாரதா அழுது புரண்டாள். "என்னங்க, தம்பிக்காகத் தொரகிட்டப் பேசுனீங்களா?" என்றாள். பேசினேன் என்றேன். அதில் பொய் இல்லை. உப்பில்லாத கஞ்சியை வைத்துவிட்டு, நீங்களாவது தப்பிச்சீங்களே என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் தனியாகவே வேலை பார்த்தேன். நிதானமாகப் பார்த்தேன். பாதை போட்டு முடிந்துவிட்டது, இனி லோரி வராது என்று கிராணி சொன்ன வாரம், பச்சையைப் பெயர்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் வைக்கோலை விலக்கினேன். வெள்ளை டைல் அப்படியே இருந்தது. பதித்தேன். ஜப்பான் துரை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார். "பாகுஸ்" என்றார், நன்றாக இருக்கிறது என்று. இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. உடுப்பைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சயாமிலிருந்து திரும்பி வந்த ஒருவன் போன மாதம் சொன்னான். மைக்கலைக் காலரா கொண்டுபோனது, செல்லையா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான், பிறகு அவனுக்கும் வந்தது. கருப்பையாவைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. சாரதா இதை நம்பவில்லை. மேலே லோரி ஏறுகிற சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஆக, துரை கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வெள்ளையை நான் இரண்டு தடவை தேர்ந்தெடுத்தேன். முதல் தடவையே அது சரியாக இருந்தது என்பது எனக்கு அன்றே தெரியும். நடுவில் மூன்று பேரை என் வாயால் லோரி ஏற்றினேன். டைல் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், என்னிடம் உள்ள குறை அது ஒன்றுதான்.

தேநீர் ஆறிவிட்டது, மன்னிக்கவும். விருந்தினர் குளியலறைக்கும் தரை மாற்ற வேண்டும் என்று சொன்னீர்களே, ஜப்பாரின் பச்சை டைல் அப்படியே கொட்டகையில் இருக்கிறது. நாளைக்கே ஆரம்பித்துவிடலாம். உதவிக்கு ஓர் ஆள் மட்டும் போதும், அதிகம் கேள்வி கேட்காதவனாகப் பார்த்துக் கொடுங்கள்.