அம்மா கைக்கு அடக்கமான துப்பாக்கி

வயதானவர்களுக்குத் துப்பாக்கி வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஒன்றுதான் ஐயா. அளவு பார்க்காமல் வாங்கினால் பெட்டியிலேயே கிடக்கும். என் அம்மா ஓப்பலின் விரல்களை மூட்டுவாதம் முடக்கியிருந்தது. அதனால் அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். ரிவால்வரின் விசை அவளுக்கு அசையவே இல்லை. கடைசியில் லேசாக அழுத்தினாலே சுடும் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்று அமைந்தது.

"பெத்தவளுக்காக இவ்வளவு மெனக்கெடுற பொண்ண நான் பாத்ததில்லம்மா" என்றார் கடைக்காரர்.

"என் மகன் ராய்ஸ் வந்திருந்தா இதைவிட நல்லதாப் பாத்திருப்பான்" என்றாள் அம்மா.

அவளைக் குளிப்பாட்டுவது நான், மாத்திரை கொடுப்பது நான். தம்பி ராய்ஸ் சனிக்கிழமை மத்தியானம் கடையில் வாளியில் போட்டுத் தரும் வறுத்த கோழியோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். அடுத்த சனிக்கிழமை வரை வீட்டில் அவன் புகழ்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கென்டக்கியில் எங்கள் மலைப்பக்கத்துச் சொந்தக்காரர்கள் கதவைத் தட்டுவதில்லை. சமையலறைப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வருவார்கள். ராய்ஸும் அப்படித்தான்.

"காலம் கெட்டுக் கெடக்கும்மா" என்றேன் அவளிடம். "நம்ம ஆளுங்க இனிமே முன்வாசல்ல மணி அடிச்சிட்டுத்தான் வருவாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பின்கதவு தொறந்தா யோசிக்காத, சுடு."

"ராய்ஸ்கிட்ட சொன்னியாடி?"

"அவன்கிட்டதாம்மா மொதல்ல சொன்னேன்."

சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில், பக்கத்துப் பண்ணையில் திருடன் புகுந்துவிட்டதாக ஒரு கதை கட்டினேன். துப்பாக்கியில் குண்டு நிரப்பி அவள் மடியில் வைத்தேன். திருகாணி தளர்ந்திருப்பதாகச் சொல்லி அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எல்லா முகமும் ஒன்றுதான். நான் திரும்பியபோது சமையலறைத் தரையெல்லாம் கோழித்துண்டுகள். நடுவே ராய்ஸ் குப்புறக் கிடந்தான்.

செத்தது யாரென்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நல்லவேளைடி, ராய்ஸ் வர்றதுக்கு முந்தியே அந்தத் திருட்டுப்பயல சுட்டுட்டேன். இல்லேன்னா எம்புள்ள கதி என்னாயிருக்கும்?"

பார்த்தீர்களா ஐயா, அப்போதும் அவனைப் பற்றித்தான் பேச்சு. அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.