பருப்புச் சுத்தின கடதாசி

கல்முனையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு ராத்தாவும் அவருடைய தங்கச்சியும் இருந்தார்கள். தங்கச்சிதான் கதையைத் தொடங்கினாள்.

“நோன்புக்குக் கந்தோர் வெள்ளன மூடுறதால, என்ட மனிசன் கந்தோர் ரகசிய பைலை வீட்ட வெச்சி எழுதினார். பெருநாளைக்கு வீடு கழுவக்குள்ள, பழைய கடதாசி எண்டு நான்தான் கடைக்குக் குடுத்தன்.”

“கடைக்காரன் பருப்புச் சுத்தி பொலிஸ்காரர்ட வீட்டுக்கே குடுத்திருக்கானே.”

“நாளைக்குக் கோட்டுல நான் உண்மையச் சொல்லப்போறன், ராத்தா.”

“சொல்லி? அவர் பைலை வீட்ட கொண்டுவந்ததுக்குத்தானே வழக்கு.”

“அவரும் அதத்தான் சொன்னார். என்ட பேரை எடுக்கவே வேணாமாம்.”

“வேலை?”

“போயிட்டு. மறியலும் கிடைக்குமாம், ஜெயில்ல இருக்கோணுமாம்.”

“ஏசினாரா?”

“ஒரு வார்த்தை ஏசல்ல. கொண்டுபோய் உடுக்க ரெண்டு சாரன் கழுவி வைக்கச் சொன்னார்.”