புயல்முகனின் நீல அங்கி

பேச்சைத் தொடங்குமுன் ஒரு மன்னிப்பு. தலைவருக்கென்று அரியலூரிலிருந்து ஆசையாய் வாங்கி வந்த சால்வையை, மேடையேறிய வேகத்தில், வெள்ளைச் சட்டையோடு விறைப்பாக நின்ற மைக்செட் ராஜவேல் அண்ணனுக்குப் போர்த்திவிட்டேன். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆகவே, சால்வை இல்லாமலே சிறந்து விளங்கும் நம் வாசகர் வட்டத் தலைவர், பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டே பழைய சித்திரக் கதைகளைப் பெற்ற பிள்ளைபோல் காத்துவரும் அண்ணன் முத்தமிழ்செல்வன் அவர்களே, தலை நரைத்தும் கதை நரைக்காத பெரியோர்களே, "இந்த வயசுல பொம்மப் புத்தகமா" என்று வீட்டில் கேட்டுவிட்டுக் கூடவே பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களில் ஒருவரான என் மனைவி புவனேஸ்வரியே! லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் மதுரைவீரனின் வணக்கம். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன். இரண்டாம் முறையும் அதே முடிவுதான். என் பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கூடச் சேர்ந்து கோபப்படுங்கள்.

புயல்முகனை இந்த நாடு மறந்துவிட்டதே, அது நியாயமா? பறக்கத் தெரியாத சித்திரக் கதை நாயகன் அவன். மலையைப் பெயர்க்க மாட்டான், மின்னலைப் பிடிக்க மாட்டான். கறுப்பு முகமூடி, சாம்பல் சட்டை, முதுகில் புரளும் நீண்ட அங்கி, அவ்வளவுதான் அவன் சொத்து. ஆனால் அவன் கை பட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். பண்ணையார் களஞ்சியமா, திறக்கும். பாதாளச் சிறையா, திறக்கும். பட்டணத்துப் பங்களாவா, பட்டென்று திறக்கும். "பூட்டு உன்னுடையது, கதவு எல்லோருடையது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். அந்த வசனத்தை முந்திரித் தோப்பில் நின்று கத்தியவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். அடேயப்பா. போதும், இறக்குங்கள், தோள் வலிக்கிற வயது.

அந்த அங்கிக்கு என்ன நிறம்? உள்ளே எல்லாப் பக்கமும் கறுப்பு வெள்ளை. அட்டையில் மட்டுமே வண்ணம். வரதராஜன்பேட்டை வாடகைக் கடையில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது எந்தப் புத்தகத்துக்கும் அட்டை இருந்ததில்லை. தலைவர் சிவப்பு என்பார். யாரங்கே, பச்சையா? ஐயா, உட்காருங்கள், உங்களுக்குப் பச்சையாகவே இருக்கட்டும். எனக்கு அவன் என்றும் நீலம். ஆளுக்கொரு வண்ணம் பூசி நாற்பது வருடம் அவனை நேசித்தோமே, வண்ணத்துக்காக ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்ததுண்டா?

இப்போது கேளுங்கள். என் மகள் வெற்றிச்செல்வி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி. புயல்முகனாகப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. தொழில் புத்தி விடுமா? முதல் அங்கியைத் தார்ப்பாயிலேயே தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவள் வாசற்படியில் திரும்ப முடியாமல் நின்றுகொண்டு, "சுண்ணாம்புக்கல்லு லோடு ஏத்துன மாரி இருக்குப்பா" என்றாள். புவனேஸ்வரி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பிறகு இரண்டரை மீட்டர் நீல சாட்டின் துணி வாங்கி, விளிம்பு மடித்து, கழுத்துக்கு நாடா வைத்துத் தைத்தேன். என் ஆயுளில் நான் தைத்ததிலேயே அழகான தையல் அது.

விழா அன்று மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பொறுப்பில் இருந்த டீச்சர் வந்தார். அங்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தக் கலரு வேணாம். இது ஒங்க தெருக் கொடி கலரு. பாக்க வந்தவங்க ஒரு மாரி பேசுவாங்க. அங்கி இல்லாமலே போவட்டும்."

அவிழ்த்தார்கள் ஐயா! பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகிலே சாதியைத் தேடினார்கள். சாட்டின் துணியிலே சாதியைத் தேடினார்கள். சாயத்திலே சாதியைத் தேடினார்கள். அதே வரிசையில் கடையில் வாங்கிய உடுப்போடு வெளிநாட்டுப் படக்கதை வீரர்கள் ஏழு பேர் நின்றார்கள். அவர்களில் மூன்று பேருக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீலம். அந்த நீலம் எந்தத் தெரு? கப்பலில் வந்தால் அது நிறம், எங்கள் கையால் தைத்தால் அது சாதியா?

அங்கி போனால் புயல்முகன் யார்? முகமூடி போட்ட ஓர் ஆள். நாங்கள் எழுதிக் கொடுத்த பெயர் அறிவிப்பாளருக்குத் தெரியவில்லை. பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவராகவே அறிவித்தார்: "அடுத்து வருவது, திருடன்." அரங்கமே சிரித்தது. என் மகள் மேடை நடுவில் நின்றாள். வசனம் வரவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். பூட்டைத் திறக்கிறவன் திருடனென்றால், பூட்டிவைத்தவனுக்கு என்ன பெயர்?

அன்றிலிருந்து அவள் அந்த அங்கியைத் தொடவில்லை. இன்று கூட்டம் முடிந்ததும் வேடமிட்ட பிள்ளைகள் இங்கே ஏறப்போகிறார்கள். மூன்றாம் வரிசையில் அவள் மடியில் ஒரு துணிப்பை இருக்கிறது. திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. பஸ்ஸில் வரும்போது என்னைக் கேட்டாள்: "அங்கயும் கழட்டச் சொன்னா என்னப்பா பண்றது?"

உங்களை நம்பித்தான் அவளைக் கூட்டி வந்திருக்கிறேன். புயல்முகனுக்குப் படம் எடுக்க ஆள் இல்லை, பொம்மை செய்ய ஆள் இல்லை, பள்ளிப் பையில் அச்சடிக்க ஆள் இல்லை. அவனைத் தெரிந்த சாட்சி இந்த நூற்றுச் சொச்சம் நாற்காலிகள்தான். அவள் சிவப்பில் வரட்டும், பச்சையில் வரட்டும், நீலத்தில் வரட்டும். வந்து நின்றால், யாரென்று நீங்கள் சொல்ல வேண்டும். என்ன பெயர்? காதில் விழவில்லை. ராஜவேல் அண்ணே, சால்வைக்கு மரியாதையாக மைக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். என்ன பெயர்? ஆங், அதுதான் பெயர். பெரம்பலூர் கேட்டுவிட்டது, அரியலூருக்கும் கேட்கட்டும்.

ஒரு பிள்ளைக்காகத் தொண்டை வலிக்கக் கத்திய உங்கள் எல்லோருக்கும் நன்றி. டீ ஆறுகிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார். வணக்கம்.

வாசகர் வட்டத்தின் மலரில் போடுவதற்காக இந்தப் பேச்சை எழுதித் தரச் சொன்னார் தலைவர். பேசியதை எழுதிவிட்டேன். மிச்சம் இது.

அன்று கடைசியில் அவள் எழுந்து வந்தாள். மேடைப் படியருகே பையிலிருந்து அங்கியை எடுத்துத் தோளில் போட்டாள். நாடாவைக் கட்டிவிட நான் கையை நீட்டினேன். "நானே கட்டிக்கிறேன்ப்பா" என்று ஓரடி விலகிக்கொண்டாள். அது ஏனென்று எங்கள் இருவருக்கும் தெரியும். பள்ளியில் அந்த டீச்சர் அங்கியைத் தொடவே இல்லை. சொன்னார், நகர்ந்துவிட்டார். "சரிங்க டீச்சர்" என்று சொல்லிக் குனிந்து, முடிச்சை அவிழ்த்தது நான்.