ஞாயிறு மாலை நாலு மணியும் ராயப்பன் கல்யாண ஓலையும்

அருள்நிறை அவைத்தலைவர், ஆயனாய் நம்மைக் காக்கும் பங்குத் தந்தை அவர்களே! பழுத்த அனுபவமும் பழுதில்லாப் பக்தியும் கொண்ட பங்குப் பேரவைப் பெரியோர்களே! செபமாலை உருட்டிய கையோடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் மரியாயின் சேனைத் தாய்மார்களே! ஏலம் மணக்கும் இந்தப் போடி மாநகரின் வணிகப் பெருமக்களே, சமயம் வேறாயினும் சங்கடத்தில் உடன் நிற்கும் அண்டை வீட்டு அன்பர்களே! எல்லோருக்கும் மேலாக, எவருக்காக இந்த விழாவோ, எவரை இந்தப் பந்தலில் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறதோ, அந்த இளைஞர்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

இளைஞர் இயக்க ஆண்டு விழாவில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'பங்கில் இளைஞர் பணி: கொள்கையும் நடைமுறையும்'. தலைப்பைக் கொடுத்தவர் நம் இளைஞர் தலைவர் சந்தியாகு அண்ணன். கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொன்னார்: "மிக்கேலம்மா டீச்சர், கொள்கையப் பத்தி நல்லா அழகாப் பேசிருங்க. நடைமுறைய நாங்க பாத்துக்கிறோம்." பத்து ஆண்டுகளாக நீங்கள்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அண்ணே! பார்த்த அழகைத்தான் இந்தக் காலி நாற்காலிகள் பறைசாற்றுகின்றனவே!

சிரிக்காதீர்கள். சிரித்துச் சிரித்தே நாம் இந்த நிலைக்கு வந்தோம்.

இயக்கம் தொடங்கிய காலத்தில் சந்தியாகு அண்ணன் உண்மையிலேயே இளைஞர். இன்று அவருடைய மூத்த மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. மகனும் இளைஞன், தகப்பனும் இளைஞர், தலைவர் மட்டும் மாறவில்லை. கேட்டால், "வேற ஆளு யாரு இருக்கா?" என்கிறார். ஆள் எங்கிருந்து வரும்? நாற்காலி காலியாக இருந்தால் அல்லவா ஆள் வந்து உட்காரும்? அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான், அந்த உரிமையில் பேசுகிறேன்.

கொள்கைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மதுரையில் நடந்த பயிற்சி முகாமுக்கு நம் பங்கிலிருந்து நானும் போயிருந்தேன். 'பார், சீர்தூக்கு, செயல்படு' என்று மூன்றே சொற்களில் இளைஞர் பணியைச் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கண் திறந்து பார். பார்த்ததை நற்செய்தியின் வெளிச்சத்தில் சீர்தூக்கு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் செயல்படு. எவ்வளவு எளிமை! எவ்வளவு இனிமை! இதை நம் பங்கில் எப்படி நடைமுறைப்படுத்தினோம் தெரியுமா? கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று பார்த்தோம். வராதவன் உருப்படமாட்டான் என்று சீர்தூக்கினோம். அவனை நீக்கிச் செயல்பட்டோம்!

ஏன் வரவில்லை என்று ஒருவராவது கேட்டோமா? நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மலையில் ஏலக்காய் எடுக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். ஞாயிறு காலை முதல் பூசைக்கு முன்வரிசையில் நிற்கிறார்கள். சந்தைக்குப் போய் அரிசியும் கருவாடும் வாங்குகிறார்கள். மத்தியானம் ஜீப்பு ஏறிவிடுகிறார்கள். ஏறாவிட்டால் திங்கள் விடியலில் காட்டுக்குள் நிற்க முடியாது. போடிமெட்டு ஏறும் வளைவுகளில் அந்த ஜீப்பு திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாம் இங்கே கூட்டம் போடுகிறோம். மாலை நாலு மணிக்கு!

ஏன் நாலு மணி? எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது இந்த நாலு மணி? விசாரித்தேன், ஐயா, விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு. கறிச்சோற்றுக்குப் பின் உறக்கம். உறக்கம் தெளிந்து முகம் கழுவித் தலைவர் வெளியே வர நாலு மணியாகும். இதுதான் அந்தத் தெய்வீக இரகசியம்! காலைப் பூசை முடிந்த கையோடு கூட்டத்தை வைத்துக்கொள்வோம் என்று பேரவையில் நான் கேட்காத மாதமில்லை. "எப்பவும் நாலு மணிதான தாயி" என்ற பதில் வராத மாதமுமில்லை. இலத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்தது. சுவரைப் பார்த்திருந்த பீடம் மக்களைப் பார்க்கத் திரும்பியது. இத்தனை பெரிய திருச்சபையே திரும்பியது, நம் ஊர் நாலு மணி மட்டும் திரும்ப மறுக்கிறது!

இதோடு விட்டோமா? பிள்ளைகளை வரவைக்கிறோம் என்று பேரவை ஒரு சட்டம் போட்டது. மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவன் இயக்கத்தில் இல்லை, மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை, அவன் கல்யாணத்தை ஊருக்கு அறிவித்துக் கோவிலில் ஓலை வாசிப்பதும் இல்லை. கல்யாணம் ஆகாத வாலிபர்தான் நம் ஊரில் மாதாவைச் சுமப்பது வழக்கம். அந்த வாலிபரில் திடமானவர் எல்லாம் மலையில். நீக்கியதும் அவர்களைத்தான். அறிவாளிகள் நாம்!

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் பவனி வந்தது. மலைப் பிள்ளைகள் மேற்பார்வையாளரின் காலைப் பிடித்து விடுப்பு வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் ராயப்பன். கோவில் வாசலில் அவனை நிறுத்தி, "ஒம் பேரு நீக்கியாச்சு, தம்பி. தொடக்கூடாது" என்றார்கள். அவன் ஒரு மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் போய் நின்றான்.

சப்பரத்தைத் தூக்கியது யார்? பேரவைப் பெரியவர்களும் தலைவரும்! கடைவீதி வரைக்கும் மாதா வந்தாள். ஏலக்காய்க் கமிஷன் கடைகள் பக்கம் வந்ததும் முன்னால் ஒருவருக்கு முழங்கால் மடங்கியது, பின்னால் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. பேண்டு வாத்தியம் முன்னே போய்விட்டது, மாதா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அப்போது கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மலைச்சாமி அண்ணன், அதோ அந்தத் தூணருகில் நிற்கிறாரே, அவர் ஓடிவந்தார். "ஆத்தாவ நடுத்தெருவுல நிறுத்தக்கூடாதுய்யா. வெரசாத் தள்ளுங்க" என்று தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். அவரோடு சுமைதூக்கும் ஆட்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். மாதா கோவிலுக்கு வந்து சேர்ந்தாள்.

மலைச்சாமி அண்ணே, உங்களுக்கு இந்தப் பங்கே கடன்பட்டிருக்கிறது. இதில் உங்களுக்குப் பெருமை, எங்களுக்கு வெட்கம். வேறு சமயத்தவர் தோள் கொடுத்தாரே என்று வெட்கப்படவில்லை, அது அன்பு. சொந்தப் பிள்ளை தோளோடு பின்னால் நின்றிருக்க, தொடாதே என்று சொன்னோமே, அதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

"மலைக்குப் போனவன் கெட்டுப்போவான்" என்று ஒரு பேச்சு நம் ஊரில் உண்டு. சரி, கெட்டுப்போனவர்களைக் கண்ணால் பார்ப்போம் என்று காலாண்டு விடுமுறையில் நான் ஜீப்பு ஏறினேன். எல்லைக்கு அப்பால், மழையும் மேகமும் மாறி மாறி மூடும் ஒரு தோட்டம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசி அறையில் அடைக்கலமேரியைப் பார்த்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். ஞாயிறு தோறும் ஜீப்பு போய்ச் சேர்ந்ததும் அந்த அறையில் செபம் சொல்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், அந்த வாரத்து நற்செய்தியை வாசித்துப் பேசுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளோடு எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பிள்ளைகளும் "சேச்சி, சேச்சி" என்று அவளைச் சுற்றி உட்காருகிறார்கள். கேளுங்கள், பெரியோர்களே! நாம் கூட்டம் மேல் கூட்டம் போட்டுத் தேடிய இளைஞர் இயக்கம், நம்மைக் கேட்காமலே அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

நான் அங்கிருந்தபோதே ஒன்று நடந்தது. சிலமலையிலிருந்து வேலைக்குப் போன வேலுத்தாய் என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு மாதம் ஆகுமுன்னே பிரசவ வலி கண்டுவிட்டது. மழையில் மண் சரிந்து ஜீப்பு மேலே வர வழியில்லை. ராயப்பனும் மற்றப் பையன்களும் ஒரு மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அவளைப் படுக்க வைத்துத் தோளில் ஏற்றினார்கள். அட்டை கடிக்கிற அந்த வழுக்குப் பாதையில், முன்னால் அடைக்கலமேரி வெட்டுக்கத்தியோடு செடியை விலக்கிக்கொண்டே நடந்தாள். கால் வழுக்கி விழுந்தவன் உண்டு, தூளியை விட்டவன் இல்லை. தார் ரோட்டுக்குக் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றி, போடி ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சென்ற வாரம் வேலுத்தாயைப் பார்த்தபோது சொன்னாள்: "டீச்சர், ஒங்க சாமி யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் புள்ளைக தோள்ல என் உசுரு இருந்துச்சு."

பார்த்தார்கள், சீர்தூக்கினார்கள், செயல்பட்டார்கள். இதற்கு மேல் என்ன கொள்கை வேண்டும் உங்களுக்கு? இதற்கு மேல் என்ன நடைமுறை வேண்டும்?

இனி, நான் இன்று மேடை ஏறிய காரணத்துக்கு வருகிறேன். அந்த ராயப்பனுக்கும் அடைக்கலமேரிக்கும் பெரியவர்கள் பேசிப் பாக்கு வெற்றிலை மாற்றியாயிற்று. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். இன்று நவம்பரின் முதல் ஞாயிறு. வரும் ஞாயிறு முதல் ஓலை விழுந்தால் திருவருகைக் காலம் தொடங்குமுன் தாலி ஏறும். தவறினால் கிறிஸ்துமஸ் வரை மணமேடை கிடையாது. ஆனால் ஓலை எழுதக் கேட்டுப் போனவர்களைச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டோம்.

பெண்ணைப் பெற்ற இன்னாசி அண்ணனின் வீட்டுக்குப் போனேன். அவர் திண்டாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "நான் என்னத்தம்மா செய்ய? கம்பத்துல இருந்து ஒரு சம்பந்தம் வந்துருக்கு. மாப்ளைக்கு ரெண்டாந்தாரந்தான், ஆனா அவுக பங்குல ஒரு தொந்தரவும் இல்ல. வர்ற ஞாயித்துக்கெழம இங்க ஓல விழுகலேன்னா, நான் அவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன். பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு ஊரு வாயில விழுக முடியாது" என்றார். உள்ளே அடைக்கலமேரி அழவில்லை. "ஒரு ஆளு கூட்டத்துக்கு வரலேன்னு, எனக்குப் பதிலா பேரவைக்காரவுக என் புருசன முடிவு பண்ணுவாகளா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே சுமந்துகொண்டுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

பெரியோர்களே, ஆண்டவர் தந்த கட்டளை பத்து. திருச்சபைக் கட்டளைகளும் உங்களுக்கு மனப்பாடம். இதில் எந்தக் கட்டளையில் வருகிறது, நாலு மணிக் கூட்டத்துக்கு வராதவனுக்குத் திருமணம் இல்லை என்று? திருமணம் அருட்சாதனம் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அருட்சாதனத்தை அபராதமாக மாற்ற நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? காணாமல் போன ஆட்டைத் தேடி மலைக்குப் போன ஆயனை நமக்குத் தெரியும். மலைக்குப் போன ஆட்டுக்குக் கதவைச் சாத்திய ஆயனை எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

என்ன சொல்கிறார் பின்னால் ஒருவர்? "நேரமாச்சு டீச்சர்" என்கிறாரா? ஆமாம், ஐயா, நேரம் ஆகிவிட்டது! அதைத்தான் இவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு இராச்சாப்பாட்டுக்கு நேரமாகிறது. அதோ, பந்தலுக்கு வெளியே சாரலில் நிற்கிறார்கள் பாருங்கள், மத்தியான ஜீப்பை விட்டுவிட்டு இந்தக் கூட்டத்துக்கென்றே தங்கிய இருவர், அவர்களுக்கு ஒரு வாழ்க்கைக்கே நேரமாகிறது. உள்ளே வா, ராயப்பா. வா, மேரி. நாற்காலி நிறையக் கிடக்கிறது, உட்காருங்கள்.

கை தட்டாதீர்கள். தட்டிவிட்டு எழுந்து போவது நமக்குப் பழகிப்போய்விட்டது.

அவைத்தலைவர் அவர்களே, ஓலை வாசிக்கும்போது கடைசியில் ஒன்று சொல்வீர்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் நடக்க இருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் பங்குத் தந்தையிடம் அறிவிக்க வேண்டும், அறிந்தும் மறைப்பது பாவம் என்பீர்கள். இத்தனை ஆண்டுகளில் எவரும் எழுந்து நின்று தடை சொல்லி நான் பார்த்ததில்லை. இன்று ஊர் அறிய நான் சொல்கிறேன், சாமி. ராயப்பன், அடைக்கலமேரி திருமணத்துக்குத் தடை ஒன்று எனக்குத் தெரியும். அவர்கள் இரத்த உறவில்லை. வேறு கல்யாணம் இருவருக்குமே இல்லை. பெற்றவர் சம்மதம் குறைவில்லை. தடை இந்தப் பந்தலில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. தடை நாம்தான்.

அறிந்ததை மறைக்காமல் அறிவித்துவிட்டேன். நீக்குவது உங்கள் பொறுப்பு. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுமை இழந்த பெரியோர்க்கும், நனைந்தபடி நின்ற பிள்ளைகளுக்கும் என் நன்றி. மரியன்னை நம் எல்லோருக்காகவும் மன்றாடுவாளாக. வரும் ஞாயிறு முதல் பூசையில் ஓலை கேட்கச் சந்திப்போம், வணக்கம்.