மூணாவது வாத்து

அந்த டிரங்குப் பொட்டிய நடையிலேயே வைங்க சம்பந்தியம்மா, உள்ள இஸ்துகினு வராதீங்க. தரை இப்பத்தான் தொடைச்சேன். ஆமா, நானேதான். பின்ன ஜின்னு வந்தா தொடைக்கும்? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இந்தப் பாயில உக்காருங்க. முட்டி மடங்காதா? அப்ப கட்டில்ல உக்காருங்க, அந்தத் துணியெல்லாம் அப்பால தள்ளிட்டு. பாத்து, ஊசி இருக்கும்.

திருவல்லிக்கேணியிலேருந்து பஸ்லயா வந்தீங்க? சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் நின்னுகினேவா? அடப்பாவமே. என் புள்ளதான், நான் சொல்லலாம். மாமியாருக்கு முட்டி வலின்னு தெரியும், அவங்களப் போயி மூட்ட கட்ட பஸ்ல அனுப்புறான். நாளைக்கு லாரி வருதே, அதுலயே உங்களையும் ஏத்தி அனுப்பியிருக்கலாம். சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்.

தெரியும், தெரியும். முனீரு எல்லாம் எழுதியிருந்தான். லெட்டரா அது? ஆபீஸ் ஆர்டர். பேங்குல வேல பாக்குறவன், பெத்தவளுக்கு எழுதினாலும் நம்பர் போட்டுத்தான் எழுதுவான். ஒண்ணு, சனிக்கெழமையோட உங்களுக்கு இத்தா முடியுது. ரெண்டு, ஞாயித்துக்கெழம காலையில லாரியோட வர்றேன். மூணு, வூட்டுக்கு வாடகைக்கு ஆள் பாத்தாச்சு. நாலு, இனிமே நீங்க எங்களோட நிம்மதியா இருக்கலாம். என் நிம்மதி நாலாவது நம்பர்ல வருது, லாரி ரெண்டாவது நம்பர்ல வருது. பாத்தீங்களா?

தப்பு சொல்லலம்மா. புருஷன் மவுத்தாகி நாலு மாசம் பத்து நாள், வாசப்படி தாண்டாம, சுர்மா இல்லாம, பூ இல்லாம, இந்த ரெண்டு வெள்ளப் பொடவைய மாத்தி மாத்திக் கட்டிகினு அவருக்காக உக்காந்தாச்சு. அது என் கடம, யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். அதுக்கப்புறம் எங்க உக்காரணும்னுதான் பேச்சு. உங்க மாப்பிள்ளை வூட்டுல எனக்கு எங்க எடம்? சமையக்கட்டுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல ஒரு பாய் அகலம். ரெண்டு புள்ளைங்க, மூணாவது வயித்துல. உங்க பொண்ணு ராபியா நல்லவதான், நான் ஒண்ணும் குறை சொல்லல, தலச்சுத்தல்னு படுத்திருக்குறா. அப்ப யாரு சமைக்கிறது, யாரு பீத்துணி அலசுறது? நிம்மதியா நான்தான்.

ஒண்ணு கேக்கட்டா, கோச்சிக்காதீங்க. நீங்க அதே தெருவுலதான இருக்கீங்க. உங்கள ஏன் அவன் கூப்புடல? ஆங், முட்டி. எனக்கு முட்டி நல்லா இருக்குது, அதான் நான் செஞ்ச தப்பு.

இருங்க, டீ போட்டுகினு வர்றேன். பேசுங்க, காது கேக்கும் எனக்கு.

இந்தாங்க. சக்கர கம்மிதான், ரேஷன்காரன் இந்த மாசம் இன்னும் கண்ண தொறக்கல. என்னது, நான் எளச்சுட்டேனா? நான் ஒண்ணும் எளைக்கல. மொத மொதல்ல மத்தியானம் தூங்குறேன், முகம் தெளிஞ்சிருக்கு, உங்களுக்கு அது எளப்பாத் தெரியுது. முப்பது வருஷத்துல மத்தியானத் தூக்கம்னா இன்னான்னே தெரியாது எனக்கு. அவரு கடையிலேருந்து ரெண்டு மணிக்கு சாப்புட வருவாரு. செருப்ப கழட்டும்போதே கேப்பாரு, இன்னா கொழம்பு. சலாம் சொல்றதுக்கு முன்னாடி அதான். நான் சமையக்கட்டுலேருந்து கத்துவேன், கத்திரிக்கா. இல்ல, கறி. அவ்ளோதான் எங்க பேச்சு பாதி நாளு.

ராபியா நாப்பதாம் நாள் வரைக்கும் இருந்துட்டுப் போனா பாருங்க, அதுக்கு மறுநாள். ரெண்டு மணி. தெருவுல யாரோ செருப்பு தேச்சுகினு போனான். நான் அடுப்பாண்ட நின்னு கத்திரிக்கான்னு சத்தமா சொல்லிட்டேன். சொல்லிட்டு அப்படியே நிக்கிறேன், கையில கரண்டியோட. யாரு கேட்டா?

பரவால்ல, நீங்க அழாதீங்க. உங்களுக்கு முட்டியோட கண்ணும் வீங்கிடும்.

அன்னிக்குத்தான் இன்னொரு கூத்து. எனக்கு மட்டும் சமைக்கணும், இன்னா சமைக்கிறது? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்கு இன்னா புடிக்கும்னே தெரியல சம்பந்தியம்மா. அவருக்குப் புடிச்சது தெரியும், முனீருக்குப் புடிச்சது தெரியும், உங்களுக்குக் கூடத் தெரியும், தாளிச்சாவுல மாங்கா நெறைய இருக்கணும். எனக்கு? ஒரு வாரம் டெஸ்ட் வச்சுப் பாத்தேன், நான் படிச்ச கான்வென்ட்டுல கொஸ்டின் பேப்பர் வப்பாங்களே அது மாதிரி. கடைசியில தெரிஞ்சுது, எனக்குக் கறியே புடிக்காது. முப்பது வருஷம் வெள்ளிக்கெழம தவறாம ஆக்கிப் போட்டு, அந்த எலும்ப நானும் கடிச்சுகினு இருந்திருக்கேன். எனக்குப் புடிச்சது மெளகு ரசம், சுட்ட அப்பளம், சூடா. நல்லா கேட்டுக்கோங்க, சூடா. ஆறிப்போனத தின்னே பழகிட்டேன். இப்ப ஆவி பறக்க மொத சோறு என் தட்டுல வுழுது. அவரு போனதுல சந்தோஷமான்னு கேக்காதீங்க, வாயில அடிப்பேன். அது வேற, இது வேற.

அது? அது சட்டை. பிரிச்சுப் பாருங்க, கடிக்காது.

லுங்கித் துணிதான், சந்தேகம் இன்னா. முனீரு நாப்பதாம் நாளே அத்தா லுங்கிக் கடைய கைமாத்தி வுட்டுட்டான். கடைய வாங்கினவன் எல்லாத்தையும் எடுத்துகினு ரெண்டு கட்ட மட்டும் இங்க கொண்டாந்து போட்டுட்டான், இது வேணாம்னு. மூணு வாத்து மார்க் லுங்கி. மாம்பழ மஞ்சள்ல ரோஸ் கட்டம், கிளிப்பச்சையில ஊதாக் கட்டம். எந்த ஆம்பள கட்டுவான்? போன வருஷம் செய்யூர்க்காரன் ஒருத்தன் எடுத்துகினு போயி மறுநாளே திருப்பிக் கொண்டாந்தான், மாடு மெரளுதுன்னு. அவருக்கு அவமானம். எனக்கு சிரிப்பு.

அந்த ரெண்டு கட்டையும் பாத்துகினே எத்தன நாள் உக்காந்திருப்பேன்? பின்வூட்டு சம்பூர்ணம் இருக்குறா இல்ல, தெனம் மொத பஸ் புடிச்சு மாபலிபுரம் போவாளே, கடற்கரக் கோயிலாண்ட சிப்பி மாலை கடை வச்சிருக்குறவ, அவதான் சொன்னா. அக்கா, அங்க சுத்துற ஹிப்பிங்க சட்டை இல்லாம தோலு உரிஞ்சு அலையுதுங்கக்கா, இந்த மாதிரி கண்ணப் பறிக்கிற துணின்னா உசிர வுடுதுங்கன்னு. நான் ஒரு தினுசா யோசிச்சேன். அப்புறம் கத்திரிக்கோல எடுத்தேன்.

அளவுக்கு எங்க போறது? அவரோட வெள்ளச் சட்டை ஒண்ணு கொடியிலேயே தொங்கிகினு இருந்துச்சு. அவரு மவுத்தான அன்னிக்குத் தொவைச்சுப் போட்டது, நான் எடுக்கவே இல்ல. அத எடுத்து தையல் தையலாப் பிரிச்சேன். கை தனியா, காலர் தனியா, முதுகு தனியா. ஒரு நாள் முழுக்க ஆச்சு. பிரிச்சு முடிச்சுட்டு அத லுங்கி மேல வச்சு வெட்டினேன். முதுகு எவ்ளோ அகலம் தெரியுமா அந்த மனுஷனுக்கு? முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

தைக்கிறது நம்ம கான்வென்ட்டு சிஸ்டர் பிலோமினா சொல்லிக் குடுத்ததுதான். ரோஷன், உன் தையலுக்குக் கூடப் பொறுமை இல்லன்னு இங்கிலீஷ்ல திட்டுவாங்க. சரியாத்தான் சொன்னாங்க. மொத சட்டைய அவசரத்துல வெட்டினேனா, லுங்கி ஓரத்துல மில்லுக்காரன் குத்துவானே சீலு, அது நட்ட நடு நெஞ்சுல வந்து உக்காந்துகிச்சு. இங்கிலீஷ்ல மூணு வாத்துன்னு எழுத்து, கீழ ரெண்டே ரெண்டு வாத்து. மூணாவது தையலுக்குள்ள போய்டுச்சு. தூக்கி அடுப்புல போடலாம்னு இருந்தேன், சம்பூர்ணம் புடுங்கிகினு போய்ட்டா. சாயங்காலம் வந்து சிரிக்கிறா. சட்டை போய்டுச்சுக்கா, ஆனா அந்த வெள்ளக்காரன் மூணாவது வாத்து எங்கன்னு கேக்குறான்கா. சட்டையத் திருப்பித் திருப்பித் தேடுறான்கா.

வந்துது பாருங்க எனக்கு ரோஷம். ராத்திரி சோறு கூட துன்னல. அடுத்த சட்டையில வேணும்னே ரெண்டு வாத்த நெஞ்சுல வச்சு, மூணாவத நானே எம்ப்ராய்டரி போட்டேன், காலருக்கு அடியில. அதுக்கடுத்தது பாக்கெட்டுக்குள்ள. ஒண்ணுல அக்குளாண்ட. இப்ப அதுங்களுக்கு அதான் வெளையாட்டு. வாங்கின உடனே அங்கேயே நின்னு வாத்து தேடுதுங்களாம். தேடிக் கண்டுபுடிச்சா கத்துதுங்களாம். இந்தாங்க, இதுல தேடுங்க பாக்கலாம். இல்ல, அங்க இல்ல. அங்கயும் இல்ல. கை மடிப்ப திருப்புங்க. ஆங்! பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது.

உருவமா? உசிருள்ள உருவம் நம்ம மார்க்கத்துல போடக்கூடாதுன்னு தெரியும். மில்லுக்காரன் ரெண்டு போட்டா அத நம்ம ஆம்பளைங்க இடுப்புல கட்டிகினு பள்ளிவாசலுக்கே போவாங்க, நான் ஒண்ணு போட்டா பாவமா? கலர் துணியா? கலரு கட்டத்தான் கூடாது, தைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. பள்ளிவாசல் அஜரத்துக்கு சொல்லி அனுப்பிக் கேட்டுட்டேன், அவரே சரின்னுட்டாரு. வெள்ளப் பொடவையில உக்காந்துகினு மடியில மாம்பழ மஞ்சள வச்சுத் தைப்பேன். கண்ணாடி இல்லாமலே எனக்கு முகத்துல வெளிச்சம் அடிக்கும்.

இல்ல, மெட்ராஸ்ல தைக்க முடியாது. மெட்ராஸ்ல எனக்கு இன்னா நேரம் கெடைக்கும்? புள்ளைங்க தூங்கினப்புறமா? அப்ப நானும்தான் தூங்குவேன். வூட்டுல யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, ஒத்துக்கிறேன். அம்மாவுக்குப் பொழுதுபோக்குன்னு சொல்லுவாங்க. அந்த வார்த்தைக்கு நான் சமையக்கட்டுலேயே செத்துடலாம்.

சொல்றேன், பொறுங்க, அதத்தான் சொல்ல வர்றேன். சம்பூர்ணம் கடைக்குப் பக்கத்துல ஒரு அறை காலி. பத்தடிக்கு எட்டடி, ஜன்னல தொறந்தா உப்புக் காத்து மூஞ்சில அடிக்குது. ஒரு மிஷின், ஒரு ஸ்டூலு, ஒரு கொடி, போதும். காலையில போயி சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். இந்த வூட்டுக்குத்தான், வேற எந்த வூட்டுக்கு? இது அவரு என் பேர்ல எழுதி வச்ச வூடு. முனீருக்கு அது மறந்துடுச்சு போல. வாடகைக்கு வர்றதா இருந்தவருக்கு நானே ஒரு கார்டு எழுதிப் போட்டுட்டேன், வேற எடம் பாத்துக்கோங்கன்னு. கான்வென்ட்டு கையெழுத்துல இங்கிலீஷ்ல எழுதினேன், பயந்து பதிலே போடல மனுஷன்.

ஊரு பேசுமா? பேசட்டும். இந்த நாலு மாசமா எனக்கும் பேச்சுத் தொண இல்ல, ஊருக்காவது இருக்கட்டும்.

இன்னா கேட்டீங்க? தனியா பஸ் ஏறத் தெரியுமான்னா? கல்யாணம் ஆனதுலேருந்து தனியா தெருமுனை தாண்டாதவ, மாபலிபுரம் போயி வர முடியுமான்னா? கேள்வி ஞாயந்தான். எனக்கும் அதான் பயம். திருக்கழுக்குன்றத்துல ஒரு கூட்டம் ஏறும் பாருங்க, மூச்சு முட்டும். ஜன்னலோரம் கெடைச்சுதுன்னா பரவால்ல. புதன்கெழம எனக்கு ஜன்னல் கெடைக்கல. வியாழக்கெழம கெடைச்சுது.

ஐயோ, நெஞ்சப் புடிக்காதீங்க. டீ கொட்டிடும். பாவம் ஒண்ணும் பண்ணல நான்.

முனீரு பேங்கு காலண்டர வச்சு எண்ணியிருக்கான். நாலு இங்கிலீஷ் மாசம், மேல பத்து நாள். நமக்கு நிலா பாத்து, பொறை கணக்குதான? இந்தத் தடவை எல்லா மாசமும் முப்பது முழுசா வரல. அவரு மவுத்தான வாரமே அஜரத்து நாளக் குறிச்சு, ஒவ்வொரு பொறையும் பாத்துப் பாத்து சரி பண்ணிக் குடுத்துட்டாரு. செவ்வாக்கெழம பொழுது சாஞ்சு மஹ்ரிபோட இத்தா முடிஞ்சுது. அஜரத்து வூட்டம்மா வந்து ஓதிட்டு, என் கையப் புடிச்சுட்டுத்தான் போனாங்க. இன்னியோட நாலு நாளாச்சு சம்பந்தியம்மா. லாரிக்காரன்கிட்ட தேதி கேட்டிருக்கான், வாடகைக்காரன்கிட்ட கேட்டிருக்கான், உங்ககிட்ட கேட்டிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை, அம்மா, எப்ப முடியுதுன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா புதன்கெழமையே லாரி வந்து நின்னிருக்கும்.

அழாம எப்படி இருப்பேன்? மொத நாள் போயி கடல் முன்னாடி உக்காந்து அழுதேன். இங்க அழுதா யாராவது சொம்புல தண்ணி எடுத்துகினு ஓடி வந்துடுவாங்க. அங்க ஒருத்தரும் கண்டுக்கல. வயிறார அழுதுட்டு, முகத்த கழுவிகினு, சட்டை வித்த காசுல சம்பூர்ணம் புடிச்சு வச்ச அந்த அறைக்குள்ள போயி மிஷின்ல எண்ணெ விட்டேன். நேத்து ரெண்டு சட்டை முடிச்சேன்.

நீங்க இருங்க, எங்கயும் போவாதீங்க. ரசம் இருக்கு, அப்பளம் சுட்டு வச்சிருக்கேன், ஆறுறதுக்கு முன்னாடி சாப்புடுங்க. முட்டிக்குத் தைலம் அந்த மாடத்துல. எனக்கு ஒம்பதே காலு பஸ்ஸு, உங்ககூட பேசிகினே நேரமாக்கிட்டேன். நாளைக்கும் போவேன், ஞாயித்துக்கெழமதான் அங்க கூட்டமே. முனீரு லாரியோட வந்து நின்னா சொல்லுங்க, அம்மா வேலைக்குப் போயிருக்கா, ஆறரைக்கு வருவான்னு. அது வரைக்கும் பசிச்சா அவனையே சோறு வடிச்சுக்கச் சொல்லுங்க.